ஹேண்டிலில் ஆட்டம் இருந்தது எனக்குத் தெரியும்

கண்ணு,

இந்தக் கடிதத்தை ரூமில் கூட இருக்கும் பையன்கள் ஷிப்டுக்குப் போன பிறகு படி. சாப்பிட்டுவிட்டுப் படி. உன் அம்மா நன்றாக இருக்கிறாள், சூலூரில் அக்கா வீட்டிலும் எல்லோரும் சுகம். அப்பன் நாலு வரிக்கு மேல் எழுதினாலே யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயப்படுகிறவன் நீ, அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றைக்குக் காலையில் போன கரண்ட் சாயங்காலம்தான் வருமாம். நாலு தறியும் நிற்கிறது. இருபத்தைந்து வருடமாகத் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே பேசிப் பழகியவனுக்கு, சத்தமில்லாத வீட்டில் உட்கார்ந்தால் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நேற்றே எழுத உட்கார்ந்தேன். பாவு தீர்ந்துபோச்சு, நூல் வரவில்லை என்று ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்துவிட்டேன். இன்றைக்கு அந்தச் சாக்கும் இல்லை.

நீ எழுதிய இன்லண்டு லெட்டர் போன வாரம் வந்தது. கம்பெனியில் கூட வேலை பார்க்கிற ஒருவர் தன் பழைய பைக்கை விற்கிறார், பெருந்துறையில் பஸ் இறங்கி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குள்ளே இரண்டு மைல் நடக்க வேண்டியிருக்கிறது, வண்டி இருந்தால் வசதிதான், இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்று எழுதியிருந்தாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். அடியில் ஒரு வரி சேர்த்திருந்தாய். 'பின்னால் ஒருத்தரை உட்கார வைத்து ஓட்டும் யோக்கியதை எனக்கு இல்லை அப்பா, கல்யாணத்துக்குப் பிறகும் எங்களுக்குப் பஸ்ஸே போதும்.' உன் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தவன், அந்த வரியை மட்டும் முழுங்கிவிட்டேன். "அவ்வளவுதானுங்களா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் என்றேன்.

சுற்றி வளைக்கத் தெம்பில்லை, நேராகச் சொல்லிவிடுகிறேன். ஏழு வருடத்துக்கு முன்னால் ரயில்வே கேட்டைத் தாண்டி நீயும் அம்மாவும் வண்டியோடு விழுந்தீர்களே, அது உன் தப்பு இல்லை. நீ வேகமாகப் போகவில்லை. அந்த வண்டியின் ஹேண்டிலில் ஆட்டம் இருந்தது. அது எனக்குத் தெரியும். வாங்கின அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் சாவியை உன் கையில் கொடுத்தேன், தெரிந்துதான் உன்னை அடித்தேன். இதற்கு மேல் நீ படிக்காமல் கிழித்துப் போட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை, உனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். ஆனால் எப்படி நடந்தது என்று கேட்கிற உரிமை உனக்கு இருக்கிறது, அதனால் மீதியையும் எழுதுகிறேன்.

தொண்ணூற்றி இரண்டு தை மாதம் அது. அக்காவுக்குச் சூலூர் இடம் பேசி முடித்து, கல்யாணத்துக்கு உப்பு ஜவுளி எடுக்க நாளும் குறித்துவிட்டோம். நான் அப்போது நூல் கட்டுகளை ஏற்றிக்கொண்டு வர ஒரு பழைய பைக் தேடிக்கொண்டிருந்தேன். மொபெட்டில் இரண்டு கட்டு வைத்தால் அது மேட்டில் மூச்சு வாங்கும். இது எப்படியோ அக்காவின் மாமனார் காதுக்குப் போய்விட்டது. நேராகத் தறிக்கூடத்துக்கே வந்துவிட்டார். "ஏனுங்க சம்பந்தி, வண்டி தேடறீங்களாமா? என்ற பையன் புது வண்டி எடுத்துட்டானுங்க. பழசு சும்மாதான் நிக்குது. நம்ம ஊட்டுலயே வண்டிய வெச்சுக்கிட்டு வெளியில எதுக்குங்க அலையறீங்க?" என்றார். மனுசன் அன்பாகத்தான் கேட்டார். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

இருந்தாலும் வண்டியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? தறி மோட்டார் புகைந்தால் காயில் கட்டப் போத்தனூருக்குப் போவேன் அல்லவா, அந்தக் கடைக்கு அடுத்தாற்போல் சுலைமான் பாய் என்று ஒரு மெக்கானிக் இருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். என் மொபெட்டுக்கு அவர்தான் வைத்தியம். அவரைக் கூப்பிட்டேன். கூப்பிடும்போதே ஒரு கோணல் புத்தி. "பாய், நீங்க மெக்கானிக்குன்னு அங்க காட்டிக்க வேண்டாமுங்க. பொண்ணு குடுக்கற எடம். வண்டிய சோதிக்க ஆளைக் கூட்டியாந்துட்டான்னு நெனச்சுப்போடுவாங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "அப்பறம் நான் யாருங்ணா?" "நம்ம சிநேகிதருன்னு சொல்லிக்கலாமுங்க." "இந்தக் கையப் பாத்தா நம்புவாங்களாங்ணா?" என்று நகக்கண்ணில் ஏறிய கிரீஸைக் காட்டினார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் வந்தார், பாவம். சூலூரில் சம்பந்தியம்மா சந்தவையும் தேங்காய்ப் பாலும் வைத்தபோது, கையை மேசைக்கு அடியிலேயே வைத்துக்கொண்டு, எல்லோரும் வேறு பக்கம் பார்க்கும்போது ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. சிரிக்க வேண்டிய நேரமா அது!

வண்டியைக் கழுவித் துடைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, ஹேண்டிலைச் சுற்றி மல்லிகைச் சரம் கட்டி வாசலில் நிறுத்தியிருந்தார்கள். பெண்ணெடுக்கும் வீட்டுக்கு வண்டி போகிறது என்று சம்பந்தியம்மா செய்த வேலை. இந்தப் பூதான் என்னைக் கட்டிப் போட்டது என்று பிற்பாடு பல தடவை நினைத்திருக்கிறேன். பூ வைத்துக் கொடுப்பதைப் பிடித்து உலுக்கிப் பார்ப்பதா? சுலைமான் பாய் சும்மா வேடிக்கை பார்ப்பதுபோல் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டார். "அண்ணா, சீட்டு நல்லா இருக்குதான்னு பின்னாடி சித்த அழுத்திப் பாருங்க" என்றார். அழுத்தினேன். முன் சக்கரம் தரையை விட்டு மேலே எழுந்தது. அவர் குனிந்து ஃபோர்க்கின் இரண்டு காலையும் அடியில் பிடித்து முன்னும் பின்னும் தள்ளினார். 'கடக்' என்றது. மறுபடி தள்ளினார். மறுபடி 'கடக்'. பிறகு ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெள்ளத் திருப்பினார். நடுவில் வந்ததும் அது ஒரு குழிக்குள் விழுந்ததுபோல் நின்று, பிறகுதான் நகர்ந்தது. பாய் தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தார். "அண்ணா..." என்று வாயைத் திறந்தார்.

"பூ உதிருதுங்க பாய், வுடுங்க. எல்லாஞ் செரியாத்தான் இருக்குது" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

அக்காவின் மாமனார் பக்கத்தில்தான் நின்றார். அவர் கேட்டார், அதைத்தான் நீ கவனிக்க வேண்டும், அந்த மனுசன் வாயைத் திறந்து கேட்டார். "எதாச்சும் கொறை இருந்தாச் சொல்லிப்போடுங்க சம்பந்தி. நமக்குள்ள ஒளிக்கறதுக்கு என்னங்க இருக்குது?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஐயோ, உங்க ஊட்டு வண்டியில கொறை இருக்குமுங்களா!" என்றேன். சொல்லிவிட்டுச் சிரித்தேன் வேறு. எல்லோரும் சிரித்தார்கள். பாய் மட்டும் சிரிக்கவில்லை. வயிறு நிறைய அவர்கள் வீட்டில் சாப்பிட்டாகிவிட்டது, பெண்ணை அங்கே அனுப்பப் போகிறேன், இந்த நேரத்தில் குறை சொன்னால் நாளைக்கு அந்தக் குறை என் பெண் தலையில் விடியும் என்று எனக்கு ஒரு கணக்கு. யாரும் போடச் சொல்லாத கணக்கு.

திரும்பும்போது நான் ஓட்டினேன், பாய் பின்னால். நாற்பதைத் தொட்டதும் ஹேண்டில் என் கைக்குள் நடுங்க ஆரம்பித்தது. பாய் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னார். ரோட்டோரத்தில் நின்று, எனக்குப் புரியும்படி சொன்னார். "கோன் செட்டு போயிருச்சுங்ணா. முன் ஃபோர்க்கு வண்டியோட சேர்ற எடத்துல சின்னச் சின்ன இரும்புக் குண்டு இருக்குமுங்க. அது ஓடற கிண்ணம் குழி வுழுந்துருச்சு. நட்டை முறுக்கினா ரெண்டு நாளைக்கு நிக்கும், மறுபடி ஆடும். மாத்தித்தான் ஆகோணும். அரை நாள் வேலைங்ணா. திங்கக்கெழமை கொண்டாங்க. அதுவரைக்கும் பின்னாடி யாரையும் ஏத்தாதீங்க." செரிங்க பாய் என்றேன். அந்தத் திங்கட்கிழமை நான் போகவில்லை. அடுத்த திங்கட்கிழமையும் போகவில்லை.

ஏன் போகவில்லை என்று உன்னைப்போல் நானும் என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கல்யாண வேலை என்று முதலில் சொல்லிக்கொண்டேன். கல்யாணம் முடிந்தது. பிறகு, வண்டியின் முன்பக்கத்தைக் கழற்றிப் போட்டால் 'என்ன சம்பந்தி, வண்டி சரியில்லீங்களா' என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்பார்கள், புதிதாகப் போன பெண்ணுக்குச் சங்கடம் என்று சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் பாதி பயம், மீதி சோம்பல். நம் பக்கத்தில் பயத்தை மரியாதை என்று சொல்லிவிட்டால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். நாலு மாதம் நானே ஓட்டினேன். நாற்பதைத் தாண்ட மாட்டேன், பள்ளத்தைக் கண்டால் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன், முன் பிரேக்கைத் தொட மாட்டேன். எங்கே ஆடும், எப்போது ஆடும் என்று என் கைக்கு அத்துப்படி. உன் கைக்கு அது தெரியாது என்கிற நினைப்பே எனக்கு வரவில்லை.

வைகாசியில் கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு புதுமனை புகுவிழா. அம்மாவை நான் கூட்டிக்கொண்டு போக வேண்டியது. அன்றைக்குப் பார்த்துத் தறியில் புதுப் பாவு நூலைப் பிணைக்க ஆள் வந்துவிட்டார். நீ பாலிடெக்னிக் லீவில் வீட்டில் இருந்தாய், லைசென்ஸ் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. "நான் கூட்டிட்டுப் போறனுங்கப்பா" என்று ஆசையாக வந்து நின்றாய். அம்மாவுக்கும் சந்தோசம், மகன் வண்டியில் போகிறோம் என்று பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். நான் தறிக்கு அடியிலிருந்து தலையை நீட்டிச் சாவியைக் கொடுத்தேன். "மெதுவாப் போ கண்ணு" என்றேன். எல்லா அப்பனும் சொல்வதுதானே அது, நீயும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பாய். ஹேண்டில் ஆடும், முப்பதுக்கு மேல் போகாதே, முன் பிரேக் பிடிக்காதே என்று இன்னும் இரண்டு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அம்மா பக்கத்தில் நின்றாள். சொன்னால் அவள் "அப்பறம் ஏனுங்க இந்த வண்டிய வாங்குனீங்க" என்று கேட்பாள். அதற்காகத்தான் சொல்லவில்லை.

விழுந்த கதையை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தண்டவாளத்தைத் தாண்டி இறக்கத்தில் ஹேண்டில் உதறியது, நீ பயந்து பிரேக்கைப் பிடித்தாய், அம்மாவின் முழங்கால் ஓரத்துக் கல்லில் மோதியது. உன்னிடம் நான் சொல்ல வேண்டியது ஆஸ்பத்திரி வராந்தா. கோயமுத்தூரில் அந்த வராந்தாவில் நான் வந்து நின்றபோது, சூலூரிலிருந்து அக்கா, மாப்பிள்ளை, அவர் அப்பா எல்லோரும் எனக்கு முன்னமே வந்துவிட்டார்கள். நீ முழங்கையில் கட்டோடு, கிழிந்த சட்டையோடு ஓடி வந்தாய். "அப்பா, ஹேண்டில் தானா ஒதறுச்சுங்கப்பா. நான் முப்பதுக்கு மேல போகவே இல்லீங்கப்பா" என்றாய். அக்காவின் மாமனார் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார், அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவர் கேட்பதற்குள் நான் உன்னை அறைந்துவிட்டேன். "செய்யறதையும் செஞ்சுபோட்டு வண்டி மேலயா பழி போடற? நாலு மாசமா நான் ஓட்டுலியா? நல்லா இருந்த வண்டிடா அது!" என்று தறிக்கூடத்தில் கத்துவதுபோல் கத்தினேன். நர்சு வந்து வெளியே போகச் சொன்னது. அக்காவின் மாமனார்தான் என் கையைப் பிடித்து இழுத்தார். "வுடுங்க சம்பந்தி, சின்னப் பையன், கொஞ்சம் வேகமாப் போயிருப்பான். அதுக்கு இப்பிடியா அடிப்பாங்க?" என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்தது அந்த 'வேகமாகப் போனான்'. வந்தவர் போனவர் எல்லோரும் அதையே சொன்னார்கள். நீ அதற்குப் பிறகு ஹேண்டில் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. ஒரு வருடம் கழித்து, துணி மடிக்க வந்த பொம்பளை ஒருத்தி உன்னிடம் விசாரித்தபோது, "நான்தானுங்க வேகமாப் போயிட்டேன்" என்று நீயே சொன்னாய். நான் இரண்டடி தள்ளித் தறியில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தேன். காதில் விழுந்தது. முடிச்சைப் போட்டுவிட்டு அடுத்த தறிக்குப் போனேன். கண்ணு, உன்னை அடித்ததைவிட அந்த நாளைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பொய்யை நான் சொன்னேன், அதை நீ நம்பவும் ஆரம்பித்துவிட்டாய். அதற்குப் பிறகாவது சொல்லியிருக்க வேண்டாமா? சேல்ஸ் வேலை ஒன்று வந்தது, பைக் ஓட்ட வேண்டும் என்றார்கள், நீ போகவில்லை. அப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா?

விழுந்த வண்டியை ஒரு வாரம் கழித்து டெம்போவில் போட்டுப் போத்தனூருக்குக் கொண்டுபோனேன். சுலைமான் பாய் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டினால் தேவலை என்று இருந்தது. முன்பக்கத்தைக் கழற்றி, அந்தக் கிண்ணங்களைப் பேப்பரில் வைத்து, என் விரலைப் பிடித்து உள்ளே தடவ வைத்தார். வரிசையாகக் குழி. வண்டியைப் பற்றி அவர் பேசவில்லை. "பையன் எப்பிடிங்ணா இருக்கறான்?" என்று கேட்டார். அழுதுட்டே இருக்கறானுங்க என்றேன். "அவன்கிட்டச் சொல்லிப்போடுங்ணா. இது அவனால ஆனதில்லைன்னு சொல்லிப்போடுங்க. ஓட்டறவனுக்கு அது தெரியோணுமுங்க" என்றார். சொல்றனுங்க பாய் என்று தலையை ஆட்டினேன். அதற்கப்புறம் அவர் முகத்தில் விழிக்க முடியாமல், மோட்டார் காயில் கட்டுவதைத் திருப்பூருக்கு மாற்றிக்கொண்டேன். அரை மணி நேரம் கூடுதலாகப் பஸ்ஸில் உட்கார்ந்து போவேன், அந்தத் தெருவுக்குப் போக மாட்டேன். உன் அப்பன் அப்படிப்பட்ட வீரன்.

இப்போது நீ வேண்டாம் என்று சொன்ன அந்த வண்டிக்கு வருகிறேன். அதை எடுத்துக்கொள் என்றுதான் சொல்கிறேன், ஆனால் பார்த்து எடு. பகலில் போ. என்ஜின் சத்தம், பெயிண்டு எல்லாம் எல்லோரும் பார்ப்பார்கள், நீ முதலில் ஹேண்டிலைப் பார். சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின்னால் யாரையாவது அழுத்தச் சொல்லி, முன் சக்கரம் தூக்கினதும் ஃபோர்க்கின் அடியைப் பிடித்துத் தள்ளி இழுத்துப் பார். கடக் என்று கேட்டாலோ கைக்கு இடித்தாலோ கோன் செட்டில் ஆட்டம் இருக்கிறது. ஒற்றை விரலால் ஹேண்டிலைக் கோடிக்குக் கோடி திருப்பு, எங்கும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். பிறகு ஸ்டாண்டை எடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்து, முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி வண்டியை முன்னே தள்ளு. அப்போதும் இடித்தால் அதேதான். ஹேண்டில் பாரின் இரண்டு கைப்பிடியையும் மேலும் கீழும் அசைத்துப் பார்க்க மறக்காதே, அதைப் பிடித்திருக்கிற கிளாம்ப் போல்ட் தளர்ந்திருந்தால் பாரே கையோடு சுற்றும். கடைசியாக ஓட்டிப் பார், கையைத் தளர்வாக வைத்து ஓட்டிப் பார். நான் நாலு மாதம் இறுக்கிப் பிடித்து ஓட்டித்தான் ஆட்டத்தை மறைத்து வைத்தேன்.

ஏதாவது தட்டுப்பட்டால், விற்கிறவர் உன் மேலதிகாரியாக இருந்தாலும், அவர் வீட்டில் நீ விருந்தே சாப்பிட்டிருந்தாலும், அங்கேயே சொல். மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போனால் மெக்கானிக் என்றே சொல். கோபித்துக்கொண்டால் நாலு நாள் கோபித்துக்கொள்வார், அவ்வளவுதான். நீ யாரையும் எதிர்த்துப் பேசாத பிள்ளை என்று ஊரில் எல்லோரும் என்னிடம் பெருமையாகச் சொல்வார்கள். அதைக் கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். அந்த வராந்தாவில் நீ என்னை எதிர்த்து இன்னொரு தடவை சொல்லியிருந்தால், ஒருவேளை நான் அன்றைக்கே உடைந்திருப்பேன். பார், இதற்கும் உன் மேலேயே பழி போடுகிறேன். விடு, அந்த வரியைப் பேனாவால் அடித்துப் போட்டதாக நினைத்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை சூலூருக்குப் போனேன். அக்காவின் மாமனாரைத் தனியாகத் தென்னந்தோப்புக்குள் கூட்டிக்கொண்டு போய், எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பூ, அந்தக் கடக், பாய் யார் என்பது, எல்லாம். அவருக்கும் வயசாகிவிட்டது, காது கொஞ்சம் மந்தம், இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. ஒன்றை இரண்டு தடவை வாயால் சொல்வது எவ்வளவு கஷ்டம்! கேட்டுவிட்டு அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "நாந்தான் கேட்டனுங்களே சம்பந்தி. கொறை இருந்தாச் சொல்லுங்கன்னு கேட்டனா இல்லீங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ற பையனே கொண்டுபோயி மாத்திக் குடுத்திருப்பானே! அரை நாள் வேலைக்காங்க இத்தனையும்?" என்றார். பிறகு, "வேகமாப் போயிட்டான்னு நானும் எத்தனை பேர்த்துக்கிட்டச் சொல்லியிருக்கறேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். உன் அக்காவை அங்கே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குக் காப்பி கொடுத்துத்தான் அனுப்பினார்கள். நான் ஏழு வருடம் எதைக் கண்டு பயந்தேனோ அது அந்த வீட்டில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

அம்மாவிடம் நேற்றுச் சொன்னேன். நாற்காலியில் காலை நீட்டி வைத்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். தன் காலுக்காக அழுவாள், என்னைத் தூற்றுவாள் என்று நினைத்தேன். அரிவாள்மணையில் உட்கார்ந்து அரியவும், தறிக்குத் தார் நூல் சுற்றவும், கோயிலில் நாலு பேரோடு தரையில் உட்கார்ந்து சாப்பிடவும் முடியாமல் போனவள் அல்லவா? அவள் தன் காலைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

"பின்னாடி உக்காந்திருந்தவ நானுங்க" என்றாள். "அவன் வேகமாப் போகலைன்னு எனக்குத் தெரியாதுங்களா? நீங்க அத்தனை பேர்த்து முன்னாடி அடிச்சீங்கன்னு சொன்னாங்க. செரி, உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுதுன்னு நானும் அதையே நம்பிப்போட்டேன். தெனமும் சாயங்காலம் எண்ணெயக் காய்ச்சி இந்தக் காலை நீவி வுடுவானே, நான் கண்ணசந்துட்டேன்னு நெனச்சுக்கிட்டு, 'மன்னிச்சுக்கம்மா'ம்பானுங்க. ஒரு நாள் ரெண்டு நாள் இல்லீங்க, அவன் பெருந்துறைக்குப் போற வரைக்கும். நான் கண்ணைத் தொறக்காமப் படுத்துக் கெடந்தனுங்க. 'நீ என்ன கண்ணு பண்ணுன'ன்னு ஒரு நாளாச்சும் கேட்டிருக்கலாமுங்களே. பெத்தவ நானே கேக்கலீங்களே."

ராத்திரி தட்டு வைத்தாள், "சாப்பிடுங்க" என்றாள், அவ்வளவுதான். நீ அவள் காலடியில் உட்கார்ந்து அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தாய் என்பது எனக்கு நேற்றுத்தான் தெரியும். எண்ணெய் வாசம் வந்தால் நான் எழுந்து தறிக்கூடத்துக்குள் போய்விடுவேன். அங்கே தறி ஓடிக்கொண்டிருக்கும், ஒன்றும் காதில் விழாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டுவிட்டு வா. சூலூரிலிருந்து அக்கா, மாப்பிள்ளை, அவர் அப்பா மூன்று பேரையும் வரச் சொல்லியிருக்கிறேன். உனக்குப் பெண் கொடுக்கிறவர்களையும் கூப்பிட்டிருக்கிறேன். அவர்கள் எதற்கு என்று நீ கூச்சப்படுவாய். அந்தப் பெண்ணிடமும் நீ உன்னைப் பற்றி அப்படித்தானே சொல்லி வைத்திருப்பாய்? போத்தனூருக்கு நாளைக்கு நானே நேரில் போய்ச் சுலைமான் பாயைக் கூப்பிடப் போகிறேன், வருவாரோ மாட்டாரோ. அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் உன்னை அடித்தேன். அதே ஆட்கள் முன்னால், இங்கே எழுதியதை வாயால் சொல்கிறேன். தறியை நிறுத்திவிட்டுச் சொல்கிறேன். மன்னிப்பு என்ற வார்த்தையை நீ அம்மாவின் காலடியில் செலவழித்ததே போதும், அதை உன்னிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நான் சொல்லி முடித்ததும் நீ என்ன வேண்டுமானாலும் செய். கத்து. கையில் கிடைத்ததைத் தூக்கி எறி. என்னோடு பேசாமல் பஸ் ஏறிப் போய்விடு, கல்யாணத்தில் என்னை மணவறைப் பக்கம் வராதே என்று சொல், நான் பந்தியில் இலை போட்டுக்கொண்டு நிற்கிறேன். ஒன்றே ஒன்று மட்டும் வேண்டாம் கண்ணு. எப்போதும்போல் தலையைக் குனிந்துகொண்டு, 'பரவாயில்லீங்கப்பா' என்று மட்டும் சொல்லிவிடாதே.

அப்பா